19 டாலர் 8 சென்ட்

2020 ஆகஸ்டு 11 அன்று ஜோ பைடன் தம்முடைய துணை அதிபர் வேட்பாளராகக் கமலா ஹாரிஸை அறிவித்தார். அதையடுத்து அவர்களுடைய தேர்தல் நிதிக்கு வந்து குவிந்த நன்கொடைகளில் ஒரு தொகை மட்டும் திரும்பத் திரும்பத் தலைகாட்டியது: 19 டாலர் 8 சென்ட். நாட்டின் வெவ்வேறு மூலைகளிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள், சொல்லிவைத்தாற்போல, சில்லறை சுத்தமாக அதே தொகையை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நடுவில் இருக்கும் புள்ளியை எடுத்துவிட்டுப் படித்தால் விடை கிடைக்கும். 1908. ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா என்னும் கறுப்பினப் பெண்கள் சங்கம் தொடங்கப்பட்ட ஆண்டு அது. கமலா அந்தச் சங்கத்தின் உறுப்பினர். வீட்டுப் பெண்ணுக்கு மொய் எழுதுகிறவர்கள் நாங்கள் இன்னார் வீடு என்று நோட்டில் பெயரைப் பதிவதுபோல, அந்தப் பெண்கள் தொகையிலேயே தங்கள் பெயரைப் பதிந்து அனுப்பினார்கள்.

எட்டு நாள் கழித்து, ஆகஸ்டு 19 அன்று, டெலவர் மாநிலத்தின் வில்மிங்டன் நகரில் கட்சியின் வேட்பாளராகத் தம்மை ஏற்றுக்கொண்டு கமலா பேசினார். குடும்பம் என்றால் தமக்கு யார் யார் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனார். மாமாக்கள், அத்தைகள், பிறகு ஆங்கிலப் பேச்சுக்கு நடுவே 'சித்திகள்' என்று தமிழிலேயே ஒரு சொல். நம் ஊர்ப் பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு கொண்டாடின. மன்னார்குடி அருகிலுள்ள துளசேந்திரபுரத்தைப் பூர்விகமாகக் கொண்ட குடும்பத்தின் பேத்தி உலக மேடையில் சித்தி என்று சொன்னால் மகிழாமல் இருக்க முடியுமா? ஆனால் அதே மூச்சில் அவர் சொன்ன இன்னொரு உறவை நாம் அநேகமாகக் கவனிக்காமல் விட்டுவிட்டோம். என் அன்புக்குரிய ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவும் என் குடும்பம்தான் என்றார். சித்தியும் சங்கமும் ஒரே பட்டியலில் இருந்தன. கல்லூரியில் சேர்ந்த ஒரு மாணவியர் அமைப்பை, முப்பது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, ரத்த உறவுகளோடு ஒருவர் ஏன் சேர்த்துச் சொல்ல வேண்டும்? அதற்கு அவர்களுடைய முத்தையும் இலையையும் நிறத்தையும் குரலையும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் சொல்லின் கதை. அமெரிக்கக் கல்லூரிகளில் ஆண்களின் கிரேக்க எழுத்துச் சங்கங்கள் வெகு பழையவை. 1776இல் வில்லியம் அண்டு மேரி கல்லூரியில் தோன்றிய ஃபை பீட்டா கப்பா அவற்றுக்கு முன்னோடி. ஒரு கிரேக்கக் குறிமொழியின் சொற்களுடைய முதல் எழுத்துகளைக் கோத்துப் பெயராக வைத்துக்கொள்ளும் பழக்கம் அங்கிருந்து பரவியது. பெண்கள் கல்லூரிக்கு வரத் தொடங்கியதும் அவர்களும் தனிச் சங்கங்கள் வைத்துக்கொண்டார்கள். லத்தீனில் 'சோரர்' என்றால் சகோதரி. அதிலிருந்து 'சொராரிட்டி' என்ற சொல்லை, சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் 1874இல் தோன்றிய காமா ஃபை பீட்டா சங்கத்துக்காக லத்தீன் பேராசிரியர் ஃபிராங்க் ஸ்மாலி உருவாக்கிக் கொடுத்தார். தமிழில் சகோதரிச் சங்கம் எனலாம். அந்தச் சகோதரிகளின் கூட்டத்தில் கறுப்பினப் பெண்களுக்கு இடம் இல்லை.

கறுப்பின மாணவர்களுக்குக் கதவு திறந்த, பின்னாளில் கமலாவும் படித்த ஹோவர்டு பல்கலைக்கழகம், அடிமை முறை ஒழிந்த கையோடு, 1867இல் வாஷிங்டனில் எழுந்தது. செயின்ட் லூயிஸ் நகரிலிருந்து உதவித்தொகை பெற்று அங்கே படிக்க வந்த எத்தல் ஹெட்ஜ்மன் என்ற மாணவியிடம், பிரவுன் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு வந்திருந்த எத்தல் ராபின்சன் என்ற ஆசிரியை, அங்கு கண்ட பெண்கள் சங்க வாழ்க்கையைப் பற்றிச் சொன்னார். அந்தப் பேச்சிலிருந்து பிறந்த யோசனை, 1908 ஜனவரி 15 அன்று மைனர் ஹால் கட்டடத்தில் ஒன்பது மாணவியர் கூடிச் சங்கம் அமைத்ததில் முடிந்தது. கறுப்பினக் கல்லூரிப் பெண்கள் அமைத்த முதல் கிரேக்க எழுத்துச் சங்கம் அதுதான்.

அந்த ஆண்டில் அவர்களுடைய நிலைமை என்னவென்று நினைத்துப் பார்க்க வேண்டும். வெள்ளையரையும் கறுப்பினத்தவரையும் தனித்தனியாக வைப்பதும் சமமாக நடத்துவதுதான் என்று உச்ச நீதிமன்றம் 1896இல் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அமெரிக்கப் பெண்களுக்கு நாடு முழுவதும் வாக்குரிமை வர 1920 வரை காத்திருக்க வேண்டும். தென் மாநிலக் கறுப்பினப் பெண்களுக்கு அது நடைமுறையில் கைக்கு வர 1965 ஆக வேண்டும். அந்த ஒன்பது பேரில் பலருடைய பாட்டி தாத்தா காலத்தில் மனிதர்களை ஏலத்தில் விற்றார்கள். தாய் ஒரு பண்ணைக்கு, மகள் வேறொரு பண்ணைக்கு. குலப்பெயர் என்று எஞ்சியது பெரும்பாலும் எஜமானின் பெயர். இப்படி உறவுக்கொடி அறுக்கப்பட்ட ஒரு சமூகத்தின் பெண்கள், தாங்களே ஒரு வம்சாவளியை எழுதத் தொடங்கினார்கள் என்றுதான் நான் இதைப் படிக்கிறேன். அந்தப் படிப்பு சரி என்று எனக்குத் தோன்ற வைப்பது அவர்களுடைய முத்துகள்.

அந்தச் சங்கத்துப் பெண்ணின் கழுத்தில் முத்துமாலை இருக்கும். கமலா 1986இல் பட்டம் பெற்றபோது எடுத்த படத்திலும் முத்துமாலை இருக்கிறது. 2021 ஜனவரி 20 அன்று துணை அதிபராகப் பதவி ஏற்றபோதும் இருந்தது. அன்று நாடெங்கும் பெண்கள் அவருக்காக முத்து அணிந்துகொண்டார்கள். சங்கத்தின் மரபில் முத்துகளின் எண்ணிக்கை 20. சங்கத்தைத் தோற்றுவித்தவர்கள் 20 பேர், ஆளுக்கொரு முத்து. ஆனால் 1908 ஜனவரியில் கூடியவர்கள் ஒன்பதே பேர் அல்லவா? மீதிப் பதினொரு முத்துகள் எங்கிருந்து வந்தன?

அடுத்த மாதமே இரண்டாம் ஆண்டு மாணவியர் ஏழு பேரைச் சேர்த்துக்கொண்டார்கள். இன்று சேர்க்கைச் சடங்குகளுக்குப் பேர்போன இந்தச் சங்கம், அந்த ஏழு பேரையும் எந்தச் சடங்கும் இல்லாமல் உள்ளே அழைத்துக்கொண்டது. மூத்தவர்கள் படிப்பை முடித்துப் போய்விட்டால் சங்கம் நின்றுவிடக் கூடாதே என்ற கவலை. ஆக, 16.

மிச்சம் நான்கு முத்துகளில் ஒரு சண்டை இருக்கிறது. 1912இல் ஹோவர்டில் இருந்த உறுப்பினர்கள் 22 பேர், சங்கத்தின் பெயர் வேண்டாம், நிறம் வேண்டாம், சின்னம் வேண்டாம், எல்லாவற்றையும் மாற்றுவோம் என்றார்கள். நேற்று வந்தவர்களின் விளையாட்டுத்தனம் என்று அதைத் தள்ளிவிட முடியாது. கூடிப் பழகுவதோடு நின்றுவிடாமல் நாட்டு விவகாரங்களில் இறங்க வேண்டும் என்ற வேகம் அவர்களிடம் இருந்தது. பட்டம் பெற்று வெளியே ஆசிரியையாக இருந்த நெல்லி குவாண்டர் என்ற மூத்த உறுப்பினருக்குச் செய்தி போனது. அவர் மறுத்தார். மற்ற பட்டதாரி உறுப்பினர்களைத் தேடித் திரட்டினார். 22 பேரும் வெளியேறி, 1913 ஜனவரி 13 அன்று டெல்டா சிக்மா தீட்டா என்ற புதுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். பதினாறே நாளில், ஜனவரி 29 அன்று, குவாண்டரும் தோழிகளும் பழைய பெயரிலேயே ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவைச் சட்டப்படி பதிவு செய்துவிட்டார்கள். அப்படிப் பதிவு செய்தவர்களில், முன்பே 16 பேர் கணக்கில் வராத நால்வர் இருந்தார்கள்: நெல்லி குவாண்டர், ஜூலியா புரூக்ஸ், நெல்லி பிராட் ரசல், மின்னி ஸ்மித். ஒன்பதும் ஏழும் நான்கும் சேர்ந்து 20.

எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான். தொடங்கியவர்களுக்கும், தொடர்ந்தவர்களுக்கும், விழாமல் தாங்கிப் பிடித்தவர்களுக்கும் ஒரே அளவு முத்து. முதல் ஒன்பது பேருக்கு மட்டும் பெரிய முத்து வைத்திருக்கலாம், வைக்கவில்லை. புதிதாகச் சேரும் ஒவ்வொரு பெண்ணும் இந்த 20 பெயர்களையும் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். மாலையை அணியும்போது அந்தப் பழைய பிளவும், அதில் யார் என்ன செய்தார்கள் என்பதும் கழுத்தில் ஏறிவிடுகிறது.

பிரிந்து போனவர்களும் சும்மா இருக்கவில்லை. தோன்றி ஏழே வாரத்தில், 1913 மார்ச் 3 அன்று, வாஷிங்டனில் நடந்த பெண்கள் வாக்குரிமைப் பேரணியில் டெல்டா பெண்கள் நடந்தார்கள். கறுப்பினப் பெண்கள் ஊர்வலத்தின் கடைசியில் வந்தால் போதும் என்று அமைப்பாளர்கள் நினைத்த பேரணி அது. டெல்டாவின் நிறம் கருஞ்சிவப்பும் வெண்சந்தனமும், மலர் வயலட், யானையும் அவர்களுக்கு அடையாளம். 1920இல் ஹோவர்டிலேயே சீட்டா ஃபை பீட்டா (நீலமும் வெள்ளையும், புறா), 1922இல் இண்டியானாபொலிஸ் நகரின் பட்லர் பல்கலைக்கழகத்தில் சிக்மா காமா ரோ. ஆண்களின் ஐந்து சங்கங்களையும் சேர்த்து இந்த ஒன்பதையும் இன்று 'டிவைன் நைன்' என்கிறார்கள். தெய்வீக ஒன்பது என்று தமிழில் சொன்னால் கோயில் வாசனை வந்துவிடும். அவர்கள் வாயில் அது உரிமையோடு சொல்லும் செல்லப்பெயர்.

ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவின் சின்னம் ஐவி இலை. சுவரைப் பற்றிக்கொண்டு மேலே போகும் கொடி. பனிக்காலத்திலும் பச்சை மாறாது. தொடக்க ஆண்டுகளிலேயே ஹோவர்டு வளாகத்தில் ஐவி நடுவதை விழாவாகக் கொண்டாடினார்கள். சங்கத்தின் இதழுக்குப் பெயர் 'ஐவி லீஃப்'. 1921 முதல் வருகிறது. உறுப்பினர் ஒருவர் இறந்துவிட்டால், 'மதிலுக்கு அப்பால் படர்ந்த ஐவி' என்று அவரைக் குறிப்பிடுகிறார்கள். இறுதிச் சடங்குக்கு முன் சகோதரிகள் கூடித் தனியாக ஒரு வழிபாடு நடத்துவார்கள். கொடி அறுந்தது என்று சொல்லாமல், நம் கண்ணுக்குத் தெரியாத பக்கம் படர்ந்துவிட்டது என்று சொல்கிறார்கள். துக்க வீட்டுக்கு இதைவிட நல்ல சொல்லை நான் கேட்டதில்லை.

நிறம் இளஞ்சிவப்பும் பச்சையும். வெறும் இளஞ்சிவப்பு இல்லை, சால்மன் மீனின் சதை நிறம். பச்சையும் ஆப்பிளின் பச்சை. இந்த நுணுக்கத்தில் அவர்கள் விட்டுக்கொடுப்பதில்லை. ஜனவரி 15 வந்தால் அலுவலகங்களில், தேவாலயங்களில், விமான நிலையங்களில் இந்த இரு நிறங்களை ஒன்றாக அணிந்த பெண்களைப் பார்க்கலாம். 1992 செப்டம்பரில் விண்வெளிக்குச் சென்ற முதல் கறுப்பினப் பெண்ணான மே ஜெமிசன், எண்டெவர் விண்ணோடத்தில் இந்தச் சங்கத்தின் பதாகையையும் தம்மோடு கொண்டு போனார். அவர் இதன் கௌரவ உறுப்பினர்.

இனி குரல். 'ஸ்கீ-வீ' என்று உச்ச சுருதியில் ஒரு கூவல். எழுதிக் காட்டினால் ஒன்றும் இல்லாததுபோல இருக்கும். கூட்டத்தில் ஒருத்தி கூவினால், அங்கே இருக்கிற உறுப்பினர்கள் எல்லாரும், இருபது வயதானாலும் எண்பது வயதானாலும், திருப்பிக் கூவுவார்கள். முன்பின் அறியாத ஊரில், எதிரில் நிற்பவள் நம்மவள் என்று தெரிந்துகொள்ள இரண்டு அசை போதும். சுண்டுவிரலை உயர்த்துவது கைச்சைகை. டெல்டா பெண்கள் இரு கைகளின் பெருவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து முக்கோணம் பிடிப்பார்கள். அவர்களுடைய கூவலும் வேறு. ஒருவருடையதை இன்னொருவர் விளையாட்டுக்குக்கூட எடுத்துக்கொள்ளக் கூடாது. சங்கத்தின் எழுத்துகள் பொறித்த சட்டையை உறுப்பினர் அல்லாத ஒருத்தி தெரியாமல் அணிந்து வந்தாலும் அது மரியாதைக் குறைவாகவே பார்க்கப்படும். வெளியாருக்கு இது மிகையாகத் தெரியலாம். கையில் இருந்த எல்லாவற்றையும் பிறர் எடுத்துக்கொண்ட வரலாறு உடையவர்கள், இது எங்களுடையது என்று ஒன்றைக் காத்து வைக்கிறார்கள் என்று பார்த்தால் விளங்கும்.

புதியவர்களை ஊருக்குக் காட்டும் நிகழ்ச்சியை ஒருமுறையாவது பார்க்க வேண்டும். 'புரோபேட்' என்பார்கள். கல்லூரித் திடலில் கூட்டம் வட்டம் கட்டி நிற்கும். ஒரே மாதிரி உடுத்திய பெண்கள், முகமூடியோடு, ஒருத்தி முதுகை ஒருத்தி ஒட்டியபடி வரிசையாக அடிமேல் அடி வைத்து வருவார்கள். பெரும்பாலும் உயரப்படி வரிசை. குள்ளமானவளுக்கு ஒன்றாம் எண், நெட்டையானவளுக்குக் கடைசி எண். அந்த வரிசைக்குத்தான் 'லைன்' என்று பெயர். அதில் சேர்ந்து நின்றவர்கள் ஆயுளுக்கும் 'லைன் சிஸ்டர்கள்'. நிறுவியவர்களின் பெயர்களையும், தேதிகளையும், சங்கத்தின் வரலாற்றையும் ஒரே குரலில், ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பிப்பார்கள். காலைத் தரையில் அறைந்து, கையைத் தொடையில் தட்டி, உடம்பையே தாளக்கருவியாக்கி ஆடுவார்கள், அது 'ஸ்டெப்பிங்'. கடைசியில் ஒவ்வொருத்தியாக முகமூடியைக் கழற்றித் தன் பெயரையும், எண்ணையும், லைனில் தனக்கு வைத்த பெயரையும் அறிவிப்பாள். கூட்டத்தின் ஓரத்தில் அம்மாக்கள் நிற்பார்கள். அவர்களில் சிலர் கழுத்திலும் முத்து இருக்கும்; முப்பது ஆண்டுகளுக்கு முன் தானும் அப்படி நின்ற தாய் அன்றைக்கு மகளுக்குச் சகோதரியும் ஆகிவிடுகிறாள். 'சோரர்' என்றுதான் இனி ஒருவரையொருவர் முறையாக அழைப்பார்கள்.

வெள்ளையர் சங்கங்களோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் இங்கேதான். அங்கே சொராரிட்டி வாழ்க்கை பெரும்பாலும் கல்லூரியோடு கரைந்துவிடும். பிறகு பழைய மாணவியர் கூட்டம்தான். இங்கே பட்டம் வாங்கிய பிறகுதான் வேலையே தொடங்குகிறது. ஊருக்கு ஊர் பட்டதாரிக் கிளைகள் இருக்கின்றன. படிக்கிற காலத்தில் சேராதவர்கள் நாற்பது, ஐம்பது வயதில்கூட அவற்றின் வழியாகச் சேர்கிறார்கள். இன்று உறுப்பினர்கள் 3 லட்சத்துக்கும் மேல்.

அந்த வேலை என்ன என்பதற்கு மிசிசிப்பியைச் சொல்ல வேண்டும். 1935 முதல் ஆறேழு கோடைக்காலங்கள், டாக்டர் டாரத்தி ஃபெரபீயின் தலைமையில், சங்கத்தின் மருத்துவர்களும் செவிலியர்களும் ஆசிரியைகளும் தங்கள் சொந்தக் கார்களில் மிசிசிப்பி டெல்டா என்னும் ஆற்றுச் சமவெளியின் பருத்திக் காடுகளுக்குப் போனார்கள். இனப்பிரிவினை ரயிலிலும் இருந்தது, வழியில் தங்குமிடமும் எளிதில் கிடைக்காது, அதனால் கார். கூலி ஆட்களைப் பண்ணையைவிட்டு வெளியே மருத்துவ முகாமுக்கு அனுப்ப முதலாளிகள் மறுத்தார்கள். அப்படியானால் முகாமே பண்ணைக்குள் போகட்டும் என்று கார்களையே மருத்துவமனை ஆக்கிக்கொண்டார்கள். மருத்துவர் முகத்தையே பார்த்திராத ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்குப் பெரியம்மைக்கும் தொண்டை அடைப்பானுக்கும் தடுப்பூசி போட்டார்கள். அரசு செய்யாத வேலை அது. வாஷிங்டனில், இரண்டாவதாகச் சேர்ந்த அந்த ஏழு பேரில் ஒருவரான நார்மா பாய்டு, நாடாளுமன்றத்தில் கறுப்பின மக்களுக்காகப் பேசி வாதாட 1938இல் சங்கத்தின் சார்பில் ஒரு முழுநேர அலுவலகம் திறந்தார். முதல் ஒன்பது பேரில் ஒருவரான லூசி டிக்ஸ் ஸ்லோ, 1917இல் அமெரிக்க டென்னிஸ் சங்கப் பட்டம் வென்றவர். பிறகு 1922இல் ஹோவர்டு பல்கலைக்கழகத்தின் முதல் மாணவியர் முதல்வரானார். இந்தப் பெயர்களைத்தான் அந்தப் பெண்கள் திடலில் ஒப்பிக்கிறார்கள்.

இதன் இருண்ட பக்கத்தைச் சொல்லாமல் போனால் எழுதியது பாதிப் பொய்யாகிவிடும். சேர விரும்புகிறவர்களை ரகசியமாகத் துன்புறுத்தும் வழக்கம் இந்தச் சங்கங்கள் பலவற்றிலும் வேரோடியிருந்தது. நாம் ராகிங் என்பதை அவர்கள் 'ஹேஸிங்' என்கிறார்கள். தூங்க விடாமல் வைப்பது, அடிப்பது, ஏவல் செய்ய வைப்பது. வலியைச் சேர்ந்து தாங்கினால்தான் உறவு கெட்டிப்படும் என்ற தவறான நம்பிக்கை. 1989இல் அட்லாண்டாவில் ஓர் ஆண்கள் சங்கத்தில் சேரவிருந்த மாணவர் இறந்துபோனார். அடுத்த ஆண்டு, இந்த ஒன்பதில் எட்டுச் சங்கங்கள் பழைய பயிற்சி முறையையே ஒழித்துவிட்டுப் புதுச் சேர்க்கை முறைக்கு மாறின. ஆனாலும் தலைமறைவாகத் தொடர்ந்தது. 2002இல் லாஸ் ஏஞ்சலஸ் கடற்கரையில் இரண்டு இளம்பெண்கள் கடலில் மூழ்கி இறந்தபோது, ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவில் சேர நடத்திய சடங்குதான் காரணம் என்று குடும்பத்தார் வழக்குத் தொடுத்தார்கள். அது தங்கள் அங்கீகாரம் பெற்ற கிளையே அல்ல என்றது சங்கம். கல்லூரிகள் ஹேஸிங் சம்பவங்களை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்ற கூட்டாட்சிச் சட்டம் 2024 டிசம்பரில்தான் வந்தது. எவ்வளவு தாமதம்! ஒரு வம்சாவளியில் இடம் கிடைக்க ஒரு பெண் உயிரைப் பணயம் வைக்க நேர்ந்தால், அந்த வம்சாவளியின் பெருமையை எந்த முத்தும் காப்பாற்றாது. நெல்லி குவாண்டர் யாரையும் அடித்து இந்தச் சங்கத்தைக் காக்கவில்லை.

மேட்டிமை என்ற குற்றச்சாட்டும் பழையது. ஹோவர்டிலேயே பேராசிரியராக இருந்த சமூகவியலாளர் ஈ. ஃபிராங்க்ளின் ஃபிரேசியர், கறுப்பின நடுத்தர வர்க்கம் இந்தச் சங்கங்களின் பகட்டில் மயங்கிக் கிடக்கிறது என்று 1950களில் கடுமையாக எழுதினார். சந்தா உண்டு, சேர்க்கைக் கட்டணம் உண்டு, கல்லூரிப் படிப்பு கட்டாயம். பருத்திக் காட்டுப் பெண் இதற்குள் வர முடியாது என்பது உண்மை. அதே காட்டுக்கு மருந்துப் பெட்டியோடு போனவர்களும் இவர்கள்தான் என்பதும் உண்மை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

1986 வசந்தத்தில் அந்த வரிசையில் நின்று சேர்ந்தவர் கமலா. அவருடைய தாய் சியாமளா 19 வயதில் தம் குடும்பத்தைக் கடல் கடந்து விட்டுவிட்டு, படிக்கத் தனியாக கலிபோர்னியா போனவர். சித்திகள் இருந்ததோ வெகு தொலைவில். ஜமைக்காவைச் சேர்ந்த கறுப்பினத் தந்தைக்குப் பிறந்த மகள்கள் கறுப்பினச் சமூகத்தில் தலைநிமிர்ந்து வளர வேண்டும் என்று முடிவு செய்து, அந்தச் சமூகத்துக்குள்ளேயே உறவுகளைத் தேடிக்கொடுத்தார். அவருடைய மகள் உறவுப் பட்டியல் சொல்லும்போது ரத்தத்தில் வந்ததும் தேடிச் சேர்த்துக்கொண்டதும் பேதமில்லாமல் வந்ததில் வியப்பில்லை.

2024 ஆகஸ்டில், கமலா அதிபர் வேட்பாளராக நின்றபோது, சங்கம் முதல்முறையாக ஓர் அரசியல் நிதிக்குழுவைப் பதிவு செய்தது. அதன் பெயரிலும் 1908 இருந்தது. நவம்பர் 6 அன்று தோல்வியை ஒப்புக்கொண்டு அவர் பேசத் தேர்ந்தெடுத்த இடம் ஹோவர்டு பல்கலைக்கழகத்தின் நடுத்திடல். 'யார்டு' என்று மாணவர்கள் சொல்லும் அந்தத் திடலில் ஒவ்வொரு சங்கத்துக்கும் அதற்கென்று ஓர் இடம் உண்டு. அங்கே அதன் உறுப்பினர்கள் தலைமுறை தலைமுறையாகக் கூடுகிறார்கள்.